சோழன் குதிரைக்கு இரும்புச் சட்டை மாட்டியது யார்?

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். மாட்டியது நான்தான்.

எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் "சோழர் படை" என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நேராக என் அறைக்கு வந்தான். மேஜை மேல் நின்றுகொண்டிருந்த குட்டிக் குதிரை வீரர்கள் எட்டுப் பேரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். சார்ட்டில் ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவில் "இராஜராஜ சோழனின் குதிரைப்படை" என்று எழுதிவிட்டான். டீச்சர் "வெரி குட்" போட்டு வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டார்களாம். "அண்ணா, உங்களாலதான்ணா!" என்று வந்து சாக்லெட் வேறு கொடுத்தான்.

அந்த எட்டுப் பேரும் யார் தெரியுமா? 15ம் நூற்றாண்டு ஐரோப்பிய நைட்கள். தலை முதல் கால் வரை இரும்புத் தகடு. குதிரைக்கும் முகமூடி. நான் செய்ததெல்லாம் கேடயத்தில் ஒரு புலி வரைந்ததும், கொடிக்குச் சிவப்பு அடித்ததும்தான். அந்த மாதிரி முழுத் தகட்டுக் கவசம் மிலானிலும் ஜெர்மன் நகரங்களிலும் இருந்த பட்டறைகளில் 15ம் நூற்றாண்டில்தான் முழு வடிவத்துக்கு வந்தது. இராஜராஜன் இறந்தது 1014ல். 400 வருஷத்துக்கு மேல் இடைவெளி!

அந்த சாக்லெட் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. திட்டப்போவது என்னை மட்டும் இல்லை மக்களே, நம் கூட்டத்தில் இதே வேலையைச் செய்கிற எல்லோரையும்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. இரண்டு செ.மீ., மூன்று செ.மீ. உயரப் பொம்மை வீரர்களை வாங்கி, வர்ணம் அடித்து, மேஜை மேல் அணிவகுத்து, தாயக்கட்டை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து போர் விளையாடுவது ஒரு பொழுதுபோக்கு. எச்.ஜி.வெல்ஸ் 1913லேயே இதற்கு விதிப்புத்தகம் எழுதியிருக்கிறார். இந்த உலகத்தில் "பண்டைய காலம்" என்றால் சுமார் கி.பி.1500 வரைக்கும் இழுத்துக்கொள்வார்கள். அதனால் நம் சோழர், பாண்டியர், ஹொய்சளர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். டவுன்ஷிப்பில் நாங்கள் நாலு பேர் இதைச் செய்கிறோம். நாலு பேரிடமும் "சோழர் படை" இருக்கிறது. நாலும் பொய்.

ஒருத்தனுடையது அலெக்சாண்டரின் குதிரைப்படை. தலைக்கவசத்துக்கு மஞ்சள் அடித்து "தங்கம்டா" என்கிறான். இன்னொருத்தன் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து, முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளாகத் தேடித் தேடி வாங்கியிருக்கிறான். சிற்பம் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 16ம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010ல். ஸ்ரீரங்கத்துத் தூணைப் பார்த்து இராஜராஜன் குதிரையை அலங்கரிப்பது, நம் கல்லூரி பஸ்ஸைப் பார்த்து கிருஷ்ணதேவராயர் தேரை வரைவது மாதிரி. மூன்றாமவன் ஐயனார் கோயில் குதிரையைப் பார்த்து வெள்ளையும் நீலமும் அடித்திருக்கிறான். ஐயனார் ராத்திரி காவலுக்குப் போக வைத்திருக்கிற குதிரையடா அது! சாமியின் வாகனம். அது கொள்ளு தின்னாது, வயிற்று வலி வந்து சாகாது.

சாகும் குதிரையைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நான் பி.காம். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் ஒரு படையைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி, "இதற்கு யார் பில் கட்டினது?" என்பதுதான். குதிரை விஷயத்தில் அந்த ஒரு கேள்வி போதும், முக்கால்வாசிப் பொய் உதிர்ந்துவிடும்.

குதிரை நம் மண்ணில் தழைத்த மிருகம் இல்லை. சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து வந்த "குதிரைச் செட்டி"கள் வருகிறார்கள். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். குதிரை விற்பதற்கென்றே ஒரு வணிகக் கூட்டம் இருந்திருக்கிறது. அடுத்து பாண்டியர் காலத்துக்கு வந்தால் கணக்கே கிடைக்கிறது. 13ம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஒரு அரசன் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், ஒவ்வொன்றும் 100 மார்க் வெள்ளிக்கு மேல் விலை, வருஷக் கடைசியில் அதில் 100கூட உயிரோடு இருப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். வளர்க்கத் தெரியவில்லை, வைத்தியம் பார்க்கவும் லாடம் கட்டவும் ஆள் இல்லை, தீவனமும் சரியில்லை என்று காரணமும் சொல்கிறார். வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வர விடுவதே இல்லையாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் ஆர்டர் வரும்? மார்க்கெட்டிங் பேப்பரில் இதை ஒரு கேஸ் ஸ்டடியாக வைக்கலாம் :-)

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் துல்லியம். வருஷத்துக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 தினார், ஆக மொத்தம் 22 லட்சம் தினார். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வேறு. வழியில் கடலிலேயே குதிரை செத்துப்போனாலும் அரசன் கஜானாவிலிருந்து பணம் கொடுத்துவிட வேண்டும். ரிஸ்க் முழுக்க வாங்குபவன் தலையில்.

இப்போது மார்க்கோ போலோ கணக்கைப் போடுங்கள். 2000 வாங்கி 100 மிஞ்சினால் வருஷத் தேய்மானம் 95 சதவீதம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கே 40 சதவீதம்தான் தருகிறார்கள். சரி, ஊர் சுற்றி வந்த வியாபாரி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள். அப்போதும் படையிலேயே விலை உயர்ந்த, சீக்கிரம் தேய்கிற சொத்து குதிரைதான் என்பது மாறாது.

இந்தக் கணக்கு தெரிந்தவன் மேஜை மேல் முப்பது குதிரையை வரிசையாக நிறுத்துவானா?

"அப்போ சோழனுக்குக் குதிரைப்படையே இல்லைங்கறியா?" என்று ஒரு நண்பன் சட்டையைப் பிடித்தான். இல்லை மச்சி, அப்படிச் சொல்லவே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே படைப்பிரிவுகளின் பெயர் இருக்கிறது. "குதிரைச் சேவகர்" உண்டு. "ஆனையாட்கள்" உண்டு. வில்லிகள், வேளைக்காரர் என்று காலாட்கள் மட்டும் நீளமாக ஓடுகிறார்கள். ராஜா எங்கே இருந்தார் என்றால், யானை மேல். 949ல் தக்கோலத்தில் இளவரசன் இராஜாதித்தன் யானை மேல் இருந்தபோது கொல்லப்பட்டான். 1054ல் கொப்பத்தில் இராஜாதிராஜன் யானை மேல் இறந்தான். செத்ததற்கு அப்புறம் கிடைத்த பட்டப்பெயரே "யானைமேல் துஞ்சிய தேவர்". நீ என்னடா என்றால் தளபதியைக் குதிரை மேல் ஏற்றி, கையில் நாலு முழ ஈட்டியைக் கொடுத்து, ஐரோப்பிய பாணியில் பாய விடுகிறாய்.

நிற்க. ஆகாயத்தில் பேசாமல் நம் ஊர்ப் பக்கத்துக்கே வருகிறேன்.

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் கடலூருக்கு முன்னால் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில். கல்யாணம் பார்க்க எல்லோரும் போயிருப்பீர்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் இராஜராஜனின் 16வது ஆட்சியாண்டு, அதாவது 1231-32. கதை இதுதான். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ சக்கரவர்த்தியையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான். சேதி கேட்ட ஹொய்சள அரசன் இரண்டாம் நரசிம்மன், அப்பணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்களை அனுப்புகிறான். அவர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வருகிறார்கள். தில்லையில் பொன்னம்பலத்தைக் கும்பிடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முகாம் போடுகிறார்கள். சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விடுவிக்கிறான்.

அந்தக் கல்வெட்டில் என்னை உலுக்கியது ஒரு சின்ன விஷயம். கொன்ற தலைவர்களின் குதிரைகளைக் கைப்பற்றியதையும், சோழகோன் என்பவனுடைய குதிரைகளைப் பிடித்ததையும் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சக்கரவர்த்தியை மீட்ட கதையைக் கல்லில் வெட்டுகிறபோது நடுவில் குதிரை பிடித்ததையும் எழுதுகிறான் என்றால், அதன் விலை என்ன என்று யோசியுங்கள். யாராவது தன் வெற்றிக்கல்வெட்டில் பிடித்த கட்டெறும்பை எழுதுவானா? கிடைப்பதற்கு அரியது, விலை மிகுந்தது, அதனால் எழுதினான்.

திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், சேந்தமங்கலம். எல்லாம் நாம் பஸ்ஸில் போய் வருகிற ஊர்கள். உலகம் முழுக்க பொம்மைப் போர் விளையாடுகிறவர்கள் வாட்டர்லூவை ஆயிரமாவது முறையாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வாசலிலேயே, தேதியோடு, தளபதி பெயரோடு, வழித்தடத்தோடு ஒரு போர் கிடக்கிறது. நாம் மிலான் கவசத்துக்குப் புலி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்!

திட்டியது போதும். என்னதான் செய்யணும் என்று கேட்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. நாங்கள் விளையாடுவது டிபிஏ விதி. ஒரு படைக்கு 12 தட்டு. குதிரைப்படைத் தட்டில் மூன்று பொம்மை, யானைத் தட்டில் ஒன்று. என் கணக்கில் சோழர் பக்கம் 12ல் குதிரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தட்டு. ஆக மொத்தமே ஆறு குதிரை. பர்ஸுக்கும் நல்லது. ஹொய்சளர் பக்கம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஹளேபீடு கோயில் அடிச்சுவரில் யானை வரிசைக்கு மேலே குதிரை வீரர் வரிசையே ஓடுகிறது. சேணம், கடிவாளம், கழுத்து மணி எல்லாம் அந்தக் கல்லிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் 12ம் நூற்றாண்டு, நம் போருக்குப் பக்கத்துக் காலம். சேந்தமங்கலம் ஆபத்சகாயேஸ்வரர் கோயிலிலும் கல் குதிரைகள் நிற்கின்றன. தட்டினால் ஓசை எழும்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, பொம்மை. 1/72 அளவில் சோழர் பெட்டி தேடி அலைய வேண்டாம். ஹாட் கம்பெனியின் நுமிதியக் குதிரைவீரர் பெட்டியை எடுங்கள். ஹானிபலுக்காகச் சண்டை போட்ட வட ஆப்பிரிக்கர்கள். கவசம் கிடையாது, கையில் எறியீட்டி, சின்னக் குதிரை. கடிவாளமும் சேணமும் இல்லாமலே ஓட்டியவர்கள். அதனால் நூலில் கடிவாளமும், பேப்பரில் சேண விரிப்பும் நாம்தான் சேர்க்க வேண்டும். எம்-சீல் கொஞ்சம் பிசைந்து தலையில் கொண்டை, இடுப்பில் கச்சை. முடிந்தது. வாங்கும் முன் குதிரையின் உயரம் பாருங்கள். அரபுக் குதிரை தோள் உயரம் சுமார் 145 செ.மீ. 72ஆல் வகுத்தால் 2 செ.மீ. ஸ்கேலை வைத்ததும் 2.5 செ.மீ. காட்டினால் அது ஐரோப்பியக் கவசக் குதிரை. கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, வர்ணம். மெத்தென்ற ப்ளாஸ்டிக் என்பதால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு கொடுத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் கால் வளையும்போது வர்ணம் உரிந்து வரும். எங்கள் முதல் படை அப்படித்தான் தோல் உரிந்து செத்தது. அப்புறம் சாதாரண அக்ரிலிக் போதும்.

குதிரை நிறத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ட்யூபில் வருகிற பழுப்பை அப்படியே அப்பினால் அது மரப்பாச்சி. வெளிர் காவியை அடித்துக் காயவிட்டு, அதன் மேல் அடர்பழுப்பு எண்ணெய் வர்ணத்தைப் பூசி, சில நிமிஷத்தில் பழைய பனியன் துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் அடர்த்தி நிற்கும், மேட்டில் வெளிர் தெரியும். தோலுக்கு அடியில் சதை இருப்பது மாதிரி வந்துவிடும். செம்பழுப்புக் குதிரைக்குப் பிடரி, வால், கால் கீழ்ப்பகுதி கறுப்பு. பிடரியும் உடம்பு நிறத்திலேயே இருந்தால் அது வேறு ஜாதி நிறம், அதற்குக் காலில் கறுப்பு அடிக்கக்கூடாது. வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வயசாக ஆக வெளுத்தது. தோல் அடியில் கறுப்புதான். அதனால் மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் சாம்பல் அடிக்கணும். சுண்ணாம்பு மாதிரி முழு வெள்ளை அடித்தால் மறுபடியும் ஐயனார் கோயிலுக்கே போய்விடுவீர்கள்.

வீரனுக்கு, "ஃப்ளெஷ்" என்று எழுதிய ட்யூபைத் தொடாதீர்கள். அது யாருடைய சதை? உங்கள் முன்னங்கையை விளக்கில் நீட்டி, அதைப் பார்த்துப் பழுப்பும் காவியும் கலந்துகொள்ளுங்கள். கச்சைத் துணி பளீர் வெள்ளை வேண்டாம், கோடித்துணி நிறம். கொலு பொம்மைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. இந்த அளவில் கண்ணே வேண்டாம், புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் கோடு போதும். கண் வைத்தால் எல்லோரும் பேயைப் பார்த்த மாதிரி முழிப்பார்கள்.

தட்டுக்கு மண் கடையில் வாங்காதீர்கள் சாமி! நம் ஊர் செம்மண்ணைத் டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகால் மேல் தூவுங்கள் (அம்மா பார்க்காத நேரமாக). பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைப் பொடித்து, காய்ந்த ப்ரஷ்ஷால் குளம்பிலும் காலிலும் லேசாகத் தடவினால் ஈரப் புழுதி. இந்த விஷயத்தில் உலகத்திலேயே நம் டவுன்ஷிப்புக்குத்தான் வசதி.

இனி எதிர்ப்பாளர்களுக்கு.

"விளையாட்டுதானே, இதுல போய் வரலாறு பார்க்கறியா?" வெறும் விளையாட்டு என்றால் சதுரங்கம் ஆடலாமே. கொடியில் புலி எதற்கு? பெயர் வைத்த அந்த நிமிஷமே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாய். லேபிளில் நெய் என்று எழுதி உள்ளே டால்டா வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று நுகர்வோர் சட்டம் பேப்பரில் படித்தோமே.

"கொண்டையும் கச்சையுமா, வெறும் மார்போட நின்னா நம்ம படை ஏழையா தெரியுமே?" இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். இரும்புச் சட்டை போட்டால்தான் வீரன் என்று யார் சொல்லிக்கொடுத்தது? இந்த வெயிலில், இந்த ஈரக்காற்றில், கடல் தாண்டி வந்து பாதி செத்த குதிரை மேல் அத்தனை கிலோ இரும்போடு ஏறுகிறவனுக்குப் பெயர் வீரன் இல்லை. கங்கை வரை போனவர்கள், கடல் கடந்து கடாரம் வரை போனவர்கள். அவர்களுக்கு நாம் கடன் வாங்கிய சட்டை மாட்டித்தான் மரியாதை சேர்க்கணுமா? பெருமை என்ற பெயரில் செய்கிறோம். உண்மையில் நம் ஆள் நிஜமாக இருந்த மாதிரி இருந்தால் போதாது என்ற வெட்கம்தான் அது.

"ஆதாரம் எல்லாத்துக்கும் இல்லையே, நீயும் ஊகம்தானே பண்றே?" ஆமாம். கச்சையின் நிறம் என் ஊகம்தான். கல்லில் வர்ணம் இல்லை. ஆனால் கல்லும் கணக்கும் விட்ட இடத்தை ஊகித்து நிரப்புவது வேறு. கல்லையே திரும்பிப் பார்க்காமல் கடையில் கிடைத்ததைச் சோழன் என்பது வேறு.

போன வாரம் புதிய குதிரைகள் மூன்றும் முடிந்தன. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "என்னண்ணா, சட்டையே காணோம்? பழசுதான் சூப்பரா இருந்துச்சு" என்றான். நெஞ்சில் குத்து. அப்புறம் கடலில் வந்த கதை, 100 மார்க் வெள்ளி, கப்பலில் செத்தாலும் பணம், திருவந்திபுரம் கல்வெட்டு எல்லாம் சொன்னேன். பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அப்போ இந்தக் குதிரை செத்துப்போச்சுன்னா இவன் என்னண்ணா பண்ணுவான்?"

"நடந்து போவான்டா" என்றேன்.

அடுத்து அவன் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. "அப்போ என் சார்ட்டு தப்பாண்ணா? டீச்சர்கிட்ட சொல்லணுமா?"

திங்கட்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்குப் போய், மூன்று புதுப் பொம்மைகளையும் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். அந்த மார்க்கை மட்டும் குறைக்காதீங்க மிஸ் என்று கெஞ்சவும் போகிறேன்.

மற்ற மூன்று பேரும் எப்போது புலியைச் சுரண்டப் போகிறீர்கள்?

டிஸ்கி: மறுப்பவர்கள் ஞாயிறு மாலை படையோடு வரலாம். நான் கோப்பெருஞ்சிங்கன். மேஜையில் சேந்தமங்கலம் ரெடி. இரும்புச் சட்டைக்காரர்கள் வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு வரவும்.